சிங்கப்பூரில் கேமரா: அங்கே திரும்பும் ஜி.எஸ்.டி., இங்கே கட்டும் தீர்வை

இராயபுரத்திலிருந்து கேள்வி (ஆகஸ்ட் 2024; இங்கே வரும் 50,000 ரூபாய் சலுகையும் அதை ஒட்டிய கணக்கும் 2026 தொடக்கம்வரை நடப்பில் இருந்த விதிகளின்படி)

அனைவருக்கும் வணக்கம். அடுத்த மாதம் நானும் என் மனைவியும் மகள் வீட்டில் பத்து நாள் தங்குவதற்காகச் சிங்கப்பூர் செல்கிறோம். திருமணப் படமெடுக்கும் தொழிலில் இருக்கும் மகன் தனக்கு ஒரு கேமரா வேண்டுமென்று கேட்டிருக்கிறான். அங்கே அதன் விலை வரியுடன் 2,180 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). எனக்கு ஒரு மடிக்கணினியும் வாங்க வேண்டும். சுற்றுலா வருபவர்களுக்கு அந்நாட்டு ஜி.எஸ்.டி. விமான நிலையத்திலேயே திரும்பக் கிடைக்கும் என்கிறாள் மகள். பர்மா பஜாரில் கடை வைத்திருக்கும் என் மைத்துனரோ, அங்கே வரியைத் திரும்ப வாங்கினால் இங்கே சுங்கத் தீர்வை கூடும், அதெல்லாம் வேண்டாம், அட்டைப் பெட்டியைத் தூக்கியெறிந்துவிட்டுக் கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, தீர்வை கட்ட எதுவும் இல்லாதவர்களுக்கான பச்சை வழியில் வந்துவிடுங்கள் என்கிறார். இவர்களில் யார் சொல்வது சரி? ஆளுக்கு 50,000 ரூபாய் வரை தீர்வையில்லாச் சலுகை உண்டென்றால், கணவன் மனைவி இருவருக்குமாகச் சேர்த்துக் கேமராவின் விலையில் ஒரு லட்சம் கழித்துக்கொள்ள முடியுமா?

தண்டையார்பேட்டையிலிருந்து பதில்

ஐயா, இராஜாஜி சாலையில் சுங்க இல்லத்துக்கு எதிரே ஒரு கிளியரிங் ஏஜென்ட் அலுவலகத்தில் நெடுங்காலம் வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன். அந்த வரியும் இந்தத் தீர்வையும் இரண்டு வெவ்வேறு அரசுகளின் கணக்கு. ஜி.எஸ்.டி. என்பது ஒரு பொருள் எந்த நாட்டில் பயன்படுகிறதோ அந்த நாட்டுக்குச் சேரவேண்டிய வரி. நீங்கள் பொருளை வெளியே எடுத்துச் செல்வதால் சிங்கப்பூர் அதைத் திருப்பிக் கொடுக்கிறது. இங்கே வாங்கும் கேமராவுக்கு 18 விழுக்காடு வரி இருக்கும்போது வெளியிலிருந்து வருவதை வெறுமனே விட முடியாது என்பதால் நம் நாடு தீர்வை கேட்கிறது. அங்கே திரும்பப் பெற்றீர்கள் என்பதற்காக இங்கே விழுக்காடு கூடாது; பெறாமல் விட்டீர்கள் என்பதற்காகக் குறையவும் குறையாது.

இப்போது, 2024இல், நடப்பில் உள்ள 2016ஆம் ஆண்டின் பயணப்பை விதிகளின்படி, நேபாளம், பூட்டான், மியான்மர் தவிர்த்த நாடுகளிலிருந்து திரும்பும் ஒருவர், தாம் பயன்படுத்திய சொந்தப் பொருள்கள் போக 50,000 ரூபாய் மதிப்புக்குப் பொருள் கொண்டுவரலாம். அதற்கு மேற்பட்ட தொகைக்கு 35 விழுக்காடு தீர்வையும், அந்தத் தீர்வையின் மேல் 10 விழுக்காடு சமூக நலக் கூடுதல் தீர்வையும் உண்டு, ஆக 38.5 விழுக்காடு. பதினெட்டு வயது நிறைந்த பயணி கொண்டுவரும் ஒரு மடிக்கணினிக்கு இந்தச் சலுகைக்கு வெளியே தனி விலக்கு இருப்பதால், உங்கள் கணினியைப் பற்றிக் கவலை வேண்டாம். ஆனால் ஒருவருடைய சலுகையை இன்னொருவருடையதோடு சேர்க்கக் கூடாது என்று விதியே சொல்கிறது. கேமரா ஒன்று, எனவே கழிவும் ஒருவருக்குரிய 50,000 மட்டுமே.

ஒரு வெள்ளியை 62 ரூபாயென வைத்துக்கொண்டால் கேமராவின் மதிப்பு 1,35,160 ரூபாய். சலுகை போக மிஞ்சும் 85,160 ரூபாய்க்குத் தீர்வை ஏறத்தாழ 32,787. அங்கே திரும்பக்கூடிய ஜி.எஸ்.டி. 180 வெள்ளி, அதாவது 11,160 ரூபாய், அதிலும் வரியைத் திருப்பித் தரும் முகவரின் கட்டணம் கழியும். கூட்டிக் கழித்தால் கேமரா உங்கள் வீட்டுக்கு வந்துசேரும்போது 1,56,000 ரூபாயைத் தாண்டிவிடும்.

மைத்துனரின் யோசனை, பயணிகள்போல் வந்து பொருள் கடத்திய குருவிகள் காலத்தது. பர்மாவிலிருந்து திரும்பியவர்களுக்காக உருவான அந்த பஜாரின் பேச்சில் அந்தக் காலம் இன்னும் உயிரோடிருப்பதில் வியப்பில்லை. பெட்டி இல்லாததால் புதிய பொருள் பழையதாகிவிடாது. விதி சொந்தப் பொருள் என்று சொல்வது அன்றாடத் தேவைக்கானவற்றை. திருமண வீட்டுக் கேமராவை அந்தக் கணக்கில் சேர்க்க எந்த அதிகாரியும் தயங்குவார். தீர்வைக்குரிய பொருளோடு பச்சை வழியில் சென்று பிடிபட்டால் பொருளைப் பறிமுதல் செய்யலாம். பொருளை மீட்கக் கட்டும் தொகையும் அபராதமும் தீர்வைக்கு மேல் தனியாக வரும். தீர்வைக்குரிய பொருள் உள்ளவர்களுக்கான சிவப்பு வழியில் சென்று ரசீதைக் காட்டி, கட்டிய பணத்துக்கும் ரசீது வாங்கிக்கொண்டு வருவதே நிம்மதி.

திருவொற்றியூரிலிருந்து பதில்

வரியைத் திரும்பப் பெறும் வழியைப் பற்றி மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் சென்ற ஆண்டு நான் அதில் ஏமாந்தேன். சிராங்கூன் சாலைப் பக்கம் ஒரு கடையில் கைப்பேசி வாங்கியபோது, பாஸ்போர்ட் அறையில் இருக்கிறது என்றேன்; பரவாயில்லை, விமான நிலையத்தில் ரசீதைக் காட்டினால் போதும் என்று கடைக்காரர் சொன்னதை நம்பினேன். உண்மையில், வாங்கும் இடத்திலேயே அசல் பாஸ்போர்ட்டைக் காட்டி அந்த வாங்குதலை, சுற்றுலாப் பயணிகளுக்கு வரியைத் திருப்பித் தரும் திட்டத்தில் பதிவுசெய்தால்தான் சாங்கி விமான நிலையத்தில் உள்ள இயந்திரம் அதை அடையாளம் காணும். வெறும் ரசீதை அங்கே யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அப்போது வரி 8 விழுக்காடு. 2024 ஜனவரியிலிருந்து 9 ஆகியிருப்பதால் உங்களுக்கு இழப்பு இன்னும் கூடுதலாக இருக்கும்.

வாங்குவது வரியுடன் சேர்த்து 100 வெள்ளிக்குக் குறையக் கூடாது. கடை அந்தத் திட்டத்தில் சேர்ந்ததா என்பதைப் பணம் கொடுப்பதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். வாங்கிய இரண்டு மாதத்துக்குள் பொருள் வெளியேற வேண்டும். பொருளைப் பெரிய பெட்டியில் வைத்து விமானத்தில் ஏற்றப்போகிறீர்கள் என்றால் பெட்டியை ஒப்படைப்பதற்கு முன்பே இயந்திரத்தில் விண்ணப்பியுங்கள்; பொருளைக் காட்டச் சொன்னால் கையில் இருக்க வேண்டும் அல்லவா. கைப்பையில் வருமானால் குடிநுழைவைக் கடந்த பிறகு செய்யலாம். மலேசியா வழியாகப் பேருந்தில் வெளியேறினால் இந்தத் திட்டமே பொருந்தாது.

இராயபுரத்திலிருந்து மீண்டும்

இருவருக்கும் நன்றி. 32,787 ரூபாய் என்ற எண்ணைக் கேட்டதும் மகன் அமைதியாகிவிட்டான். மகள் தன் வீட்டுத் தொலைக்காட்சி ஒன்றையும் எடுத்துச் செல்லச் சொல்கிறாள். அது என் மனைவியின் 50,000 ரூபாய்க்குள் அடங்குமா?

தண்டையார்பேட்டையிலிருந்து பதில்

அடங்காது. தட்டைத் திரைத் தொலைக்காட்சிக்கு 2013 ஆகஸ்ட் 26 முதல் சலுகையே கிடையாது. முதல் ரூபாயிலிருந்து தீர்வை. விமானங்களில் தொலைக்காட்சிப் பெட்டிகள் வரிசையாக வந்திறங்கிய காலம் அன்றோடு முடிந்தது.

மகனிடம் இன்னொன்றையும் கேளுங்கள். அவர் தொழிலுக்கு ஜி.எஸ்.டி. பதிவு இருக்கிறதா? ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டாதவர்கள் பதிவு இல்லாமலேயே இருக்கலாம் என்பதால் கேட்கிறேன். பதிவு இருந்தால், இங்கேயே தன் எண்ணைக் கொடுத்து ரசீது வாங்கினால் கேமராவுக்குக் கட்டிய 18 விழுக்காட்டையும் உள்ளீட்டு வரியாகத் தன் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். பயணப்பையில் கொண்டுவந்து கட்டும் 38.5 விழுக்காட்டில் ஜி.எஸ்.டி. என்ற பகுதியே இல்லாததால் அதில் ஒரு பைசாவும் கழியாது. அவரைப் போன்றவருக்கு உள்ளூர் ரசீதே மலிவு. பழுது பார்க்கவும் இங்கேயே கொடுக்கலாம்.

இராயபுரத்திலிருந்து மீண்டும்

பதிவு இருக்கிறது. எனவே கேமரா இங்கேதான், அங்கிருந்து மடிக்கணினி மட்டும். மகனுடைய பழைய கேமராவைப் பயணத்துக்கு எடுத்துச் செல்கிறேன். திரும்பி வரும்போது அதற்கும் கேள்வி வருமா?

தண்டையார்பேட்டையிலிருந்து பதில்

வரலாம். புறப்படும் நாளில் பெட்டியை ஒப்படைப்பதற்கு முன், விமான நிலையச் சுங்க அதிகாரியிடம் கேமராவைக் காட்டி, அது இங்கிருந்தே எடுத்துச் சென்றது என்பதற்கு வரிசை எண் குறித்த ஏற்றுமதிச் சான்றிதழ் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். லென்ஸ் இருந்தால் அதன் எண்ணும் அதில் இருக்கட்டும். வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் முன்னதாக வீட்டிலிருந்து கிளம்புங்கள்.