18 மெகாஓம் தண்ணீர் பிளான்ட்: மூன்று கொட்டேஷன், மூன்று மடங்கு வித்தியாசம், ஏன்?

ஓசூர்_மெயின்டனன்ஸ்:
எலக்ட்ரானிக்ஸ் பாகங்களைக் கழுவும் சின்ன யூனிட் எங்களுடையது. மணிக்கு 1,000 லிட்டர், 18 மெகாஓம் (தண்ணீர் மின்சாரத்தைத் தடுக்கும் அளவு, கூடக் கூட உப்பு குறைவு) என்று சொல்லி மூன்று பேரிடம் கொட்டேஷன் வாங்கினோம். குறைந்த விலைக்கும் அதிக விலைக்கும் நடுவே மூன்று மடங்கு! மூன்றிலும் ஆர்ஓ (உப்பை வடிக்கும் மெம்பிரேன்), இடிஐ (மிச்ச உப்பை மின்சாரத்தால் எடுப்பது), யுவி (புற ஊதா விளக்கு) என்று அதே பெயர்கள்தான் இருக்கின்றன. முதலாளி குறைந்ததையே போடச் சொல்கிறார். போர் தண்ணீர், டிடிஎஸ் (கரைந்த உப்பின் அளவு) 1,400 பிபிஎம் பக்கம். எதைப் பார்த்து முடிவு செய்வது?

மெம்பிரேன்_மணி:
லிட்டர் கணக்கை மட்டும் வைத்து இதை ஒப்பிடுவது, மண்ணைப் பார்க்காமல் சதுர அடி ரேட் பேசி வீடு கட்டுவது மாதிரி. டிடிஎஸ் மட்டும் போதாது சார், ஹார்ட்னஸ், சிலிக்கா, இரும்பு எல்லாம் வேண்டும். ஆர்ஓவில் 75 சதவீத ரெகவரி (உள்ளே போவதில் நல்ல தண்ணீராகக் கிடைப்பது) வைத்தால் ரிஜெக்டில் (வெளியே தள்ளும் கழிவுநீரில்) உப்பு நாலு மடங்காகிவிடும், அப்போது போரில் 40 பிபிஎம் சிலிக்கா இருந்தால் அங்கே 160, ஆனால் சாதாரண வெப்பநிலையில் 120 தாண்டினாலே மெம்பிரேனில் படிய ஆரம்பிக்கும். ரெகவரியைக் குறைத்தால் மெம்பிரேனும் பம்பும் பெரிதாகும், ரிஜெக்டும் கூடும்.

அப்புறம், இடிஐக்குள் போகும் தண்ணீரில் ஹார்ட்னஸ் 1 பிபிஎம்முக்குள் இருக்க வேண்டும். உங்கள் டிடிஎஸ்ஸுக்கு ஒரு பாஸ் ஆர்ஓ (ஒரே தடவை வடிப்பது) போட்டால் அது நூலிழையில்தான் நிற்கும். கரியமில வாயுவை ஆர்ஓ தடுக்காது, அது இடிஐக்குச் சுமை, அதற்குக் காஸ்டிக் டோசிங்கோ (காரம் கலப்பது) டீகேஸிங் மெம்பிரேனோ (வாயுவைப் பிரிப்பது) வேண்டும். குறைந்த கொட்டேஷனில் ஆர்ஓ ஒரு பாஸா இரண்டு பாஸா என்று முதலில் பாருங்கள். என் சந்தேகம் அங்கேதான்.

லூப்_டிசைனர்:
அந்த 18 எங்கே? இடிஐ வாயிலா, கழுவும் தொட்டியிலா? திறந்த டேங்கில் கொஞ்ச நேரம் விட்டாலே காற்றிலிருக்கும் கரியமில வாயுவை இழுத்துக்கொண்டு 1 மெகாஓம் பக்கம் இறங்கிவிடும். தொட்டியில் 18 வேண்டுமென்றால் நைட்ரஜன் மூடிய டேங்க், பாலிஷிங் மிக்ஸ்ட் பெட் (கடைசி மிச்ச உப்பைப் பிடிக்கும் ரெசின் தொட்டி), தண்ணீர் ஓயாமல் சுற்றும் பைப் லூப் எல்லாம் சேரும். விலை அதிகமானவர் இதைச் சேர்த்திருப்பார், மற்றவர் ஸ்கிட்டோடு (ஃபிரேமில் பொருத்திய மெஷினோடு) கையைக் கழுவியிருப்பார். பைப்பில் பிவிடிஎஃப் (விலை கூடிய பிளாஸ்டிக்) என்று எழுதியிருந்தால் ஏன் என்று கேளுங்கள், சிப் தயாரிக்கும் இடத்துக்கு அது சரி, உங்களுக்கு நல்ல யுபிவிசி போதுமாக இருக்கலாம்.

முதலில் 18 நிஜமாகவே தேவையா? 25 டிகிரியில் சுத்தத் தண்ணீரின் உச்ச வரம்பே 18.2தான். ஏஎஸ்டிஎம் டி5127 (எலக்ட்ரானிக்ஸ் தண்ணீருக்கான தர வழிகாட்டி) வகைப்பாட்டிலேயே ஈ-4 தரம் வெறும் 0.5 மெகாஓம். உங்கள் கஸ்டமர் எழுத்தில் கேட்பது 10 என்றால் பாதி சாமான் தேவைப்படாது.

கோவை_பிளான்ட்:
மேலே இரண்டு பேரும் வாங்கும் விலையைத்தான் சொல்கிறார்கள். ஓட்டும் செலவையும் எழுதி வாங்குங்கள். இடிஐ இல்லாமல் மிக்ஸ்ட் பெட் மட்டும் போட்டால் மலிவுதான், ஆனால் ரெசினை ரீஜெனரேட் செய்ய (பிடித்த உப்பைக் கழுவி மறுபடி பயன்படுத்த) ஆசிட், காஸ்டிக், அந்தக் கழிவை நியூட்ரலைஸ் செய்ய ஒரு தொட்டி. ரிஜெக்ட் எங்கே போகும் என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கேட்கும். ஜீரோ டிஸ்சார்ஜ் (கழிவுநீரே வெளியே விடக் கூடாது) நிபந்தனை இருந்தால், அதை ஆவியாக்கும் எவாப்பரேட்டர் செலவுக்கு முன்னால் இந்தக் கொட்டேஷன் வித்தியாசமே சின்னதாகிவிடும்.

ஓசூர்_மெயின்டனன்ஸ்:
நன்றி எல்லோருக்கும். எங்கள் ரிப்போர்ட்டில் சிலிக்கா டெஸ்ட்டே இல்லை! குறைந்த விலைக்காரர் ஒரு பாஸ்தான், டேங்கும் லூப்பும் எங்கள் பொறுப்பு என்று கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் போட்டிருக்கிறார்.

மெம்பிரேன்_மணி:
நினைத்தேன். மழைக்கு முன்னும் பின்னும் போர் தண்ணீர் மாறும், அதனால் கோடை சாம்பிளையும் லேபுக்குக் கொடுங்கள். அந்த ரிப்போர்ட்டை மூன்று பேருக்கும் அனுப்பி, தொட்டியில் வேண்டிய மெகாஓமைக் குறிப்பிட்டு, புதுக் கொட்டேஷன் கேளுங்கள்.