விஆரில் (மெய்நிகர் பயிற்சியில்) கை கண்ணாடித் தகட்டுக்குள்ளே இறங்குகிறது, என்ன செய்ய?

கேள்வி (காரைக்குடி):
ஆத்தங்குடி கல் (கையால் வார்க்கும் தரை ஓடு) போடுவதை, ஹெட்செட் மாட்டி விஆரில் பழக்குகிறோம். திரையில் தெரியும் கண்ணாடித் தகட்டின் மேல் அச்சு, அதற்குள் கரண்டியால் வண்ணக் கலவை ஊற்ற வேண்டும். எல்லோருக்கும் கை கண்ணாடியைத் தாண்டி இறங்குகிறது. கரண்டியைப் பிடிக்க விரல்களும் தேவைக்கு மேல் விரிகின்றன. கை இருக்கும் இடத்தைக் கணிக்கும் டிராக்கிங்கில் கோளாறா?

பதில்:
இல்லை அண்ணே, தொடுவுணர்ச்சி இல்லாத குறைதான். நிஜத்தில் விரல் பட்டதும் தோல் சேதி சொல்லிவிடும். இங்கே கண் மட்டும்தான், அதுவும் ஹெட்செட்டில் ஆழம் சரியாகப் பிடிபடாது. அதனால் கை அகலமாகத் திறந்து, கடைசியில் தயங்கித் தயங்கிப் போகும்.

அதே உயரத்தில் நிஜ மேசை போட்டு, நிஜக் கண்ணாடியை வையுங்கள். திரைக் கண்ணாடியும் நிஜக் கண்ணாடியும் ஒரே இடத்தில் நிற்க, கன்ட்ரோலர் (கையில் பிடிக்கும் விஆர் கருவி) முனையால் அதன் மூன்று மூலைகளைத் தொட்டுப் பதியுங்கள். 1 செ.மீ. பிசகினாலும் கண் "பட்டது" என்னும், விரல் அந்தரத்தில் நிற்கும். கரண்டியும் நிஜமாக இருக்கட்டும். டிராக்கரை (கரண்டி இருக்கும் இடத்தைச் சொல்லும் கருவி) காம்பு நுனியில் கட்டுங்கள், கிண்ணத்தின் பக்கம் கட்டினால் மணிக்கட்டு சாயும்.

கேள்வி கேட்டவர்:
மேசைக்குப் பதில், கண்ணாடி பட்டதும் விரலில் அதிர்வு மட்டும் தந்தால் போதாதா?

இன்னொரு பதில்:
போதாது. அதிர்வு சேதி சொல்லும், கையைத் தடுக்காது. வைப்பதானால் பட்ட கணத்தில் சின்னத் துடிப்பு, அவ்வளவுதான். விடாமல் அதிர்ந்தால் தோல் மரத்துவிடும். தோல் நன்றாக உணர்வது 250 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 250 அதிர்வு) வாக்கில். எடை வைத்துச் சுழலும் மோட்டார் வேகமெடுக்கவே நேரமாகும், துடிப்பு பிந்தி வரும். அதற்குப் பதில் நேர்கோட்டு அதிர்வி (சுழலாமல் முன்னும் பின்னும் ஆடுவது, LRA) வாங்குங்கள். திரையில் தெரியும் கையைக் கண்ணாடி மட்டத்திலேயே நிறுத்திவிடுங்கள், உள்ளே புக விடவே கூடாது.