புதுச் சிற்றினம் என்று நினைத்த நாள்: டைனோசிஸ்ட் (டைனோஃபிளாஜெல்லேட் என்ற ஒற்றைச் செல் நீர்வாழ் உயிரியின் உறக்கக் கூடு) பார்த்தவர்கள் பகிருங்கள்

காரைக்களிமண்:
ஆய்வில் சேர்ந்த முதல் வருடம் எனக்குக் கிடைத்தது பெரம்பலூர் பக்கத்துக் காரை களிமண். கிரிட்டேசியஸ் கடலின் அடிச்சேறு. ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் சுண்ணாம்பு போகும், ஹைட்ரோஃபுளோரிக்கில் சிலிகா போகும், சிஸ்ட்டின் சுவர் மட்டும் அசையாது. (ஹைட்ரோஃபுளோரிக் கண்ணாடியையே தின்னும், பிளாஸ்டிக் குவளைதான். கால்சியம் குளுக்கோனேட் களிம்பு கைக்கெட்டும் தூரத்தில் இல்லாமல் அந்தப் பாட்டிலைத் திறக்காதீர்கள், தம்பி தங்கைகளே.)

மூன்றாம் வாரம் ஒன்று கண்ணில் பட்டது. உருண்டை உடல், சுற்றிலும் குழல்கள், ஒவ்வொரு நுனியும் ஊமத்தம்பூ போல விரிந்து. ஹிஸ்ட்ரிக்கோஸ்பெரிடியம் என்ற பேரினம் என்று குறித்தேன். ஆனால் குழல்கள் குறைவாக இருந்தன. புதுச் சிற்றினம்! இரவெல்லாம் வரைந்தேன், பெயர்கூட யோசித்துவிட்டேன்.

காலையில் மேடம் பார்த்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்: "இடுப்புல குழல் இருக்காம்மா?"

இல்லை. எண்ணிக்கைதான் பார்த்தேனே தவிர, எந்த இடத்தில் இல்லை என்று பார்க்கவில்லை. ஒவ்வொரு குழலும் உயிரணுவின் கவசத்தில் ஒரு தகடு இருந்த இடத்தில் நிற்கிறது. இடுப்புக் கச்சையின் (உடலின் நடுவைச் சுற்றி ஓடும் பட்டை) தகடுகளுக்குக் குழலே இல்லாவிட்டால் பேரினமே வேறு. உச்சி கழன்று, விளிம்பு வளைந்து வளைந்து திறந்திருந்தது. அது ஒலிகோஸ்பெரிடியம் காம்ப்ளெக்ஸ் என்ற சிற்றினம். 1842-லேயே விவரிக்கப்பட்டது.

உப்பங்கழி:
அக்கா, நான் இன்றைய கடல் சேற்றில் வேலை செய்கிறேன். ஸ்பினிஃபெரைட்டிஸ் என்ற வகைச் சிஸ்ட் ஒன்றை உயிரோடு வெளிச்சத்தில் வைத்திருந்தேன். ஒரு நாள் கூடு காலி. கச்சைக்கு மேலே, முதுகுப்பக்கம், ஒரே ஒரு தகட்டின் அளவுக்கு ஓட்டை. பக்கத்தில் அதிலிருந்து வெளிவந்த உயிரணு, கோனியாலாக்ஸ், நீந்திக்கொண்டிருந்தது. அன்று அழுதுவிட்டேன்.

1830-களில் ஜெர்மன் இயற்கையியலாளர் எஹ்ரன்பெர்க் தீக்கல்லில் இந்த முள்ளுருண்டைகளைப் பார்த்தபோது நன்னீர்ப் பாசி வகை என்றே எண்ணினார். அந்த ஓட்டையையும் தகட்டு ஒழுங்கையும் வைத்து, இவற்றில் பல டைனோஃபிளாஜெல்லேட் கூடுகள் என்று 1961-ல் அமெரிக்க ஆய்வாளர் எவிட் காட்டினார். நடுவில் 120 வருடத்துக்கு மேல்!

ஸ்லைடுபெட்டி:
பெயர் வைக்கிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். ஹோலோடைப்பின் (பெயருக்கு ஆதாரமான ஒற்றை மாதிரி) இடத்தை இங்கிலாந்து ஃபைண்டர் (எண்ணிட்ட கட்டங்கள் பொறித்த கண்ணாடி ஸ்லைடு) எண்ணோடு எழுதுங்கள். மைக்ரோஸ்கோப் மேடையின் அளவு மட்டும் போதாது, அது அந்தக் கருவிக்கு மட்டுமே பொருந்தும். ஒரு பழைய ஸ்லைடில் நான்கு நாள் தேடினேன். கிளிசரின் ஜெல்லி காய்ந்து வெடித்திருந்தது. படம் இருக்கிறது, பொருள் இல்லை. அந்தச் சிற்றினத்தை இன்று யாரும் திரும்பப் பார்த்துச் சரிசெய்ய முடியாது.

காரைக்களிமண்:
குறித்துக்கொண்டேன் அண்ணா. அதே களிமண்ணில் இன்னொன்று இருக்கிறது, இடுப்பில் இரண்டே இரண்டு குழலோடு. மடிந்து கிடப்பதால் உயிரணு வெளியேறிய ஓட்டை தெரியவில்லை. ஒற்றை மாதிரியை நம்பி எதுவும் எழுதப் போவதில்லை. அதே படுகையிலிருந்து இன்னும் 6 ஸ்லைடு போட்டு வைத்திருக்கிறேன், திங்கட்கிழமை ஆரம்பிக்கிறேன்.