தென்னந்தோப்பைத் தாண்டி வைஃபை: லேப்டாப் ஆன்டெனாவை மாற்றலாமா?

தோப்புக்காரன்: நூலகக் கணினியில் உள்ள பாடக் காணொளிகளை எங்கள் தெருப் பிள்ளைகள் வீட்டிலிருந்தே பார்க்க ஒரு வைஃபை வலை போடுகிறோம். ரூட்டர் நூலக மாடியில். எங்கள் வீடு 400 மீட்டர் தள்ளி, நடுவே தென்னந்தோப்பு. பழைய லேப்டாப்பில் வலையின் பெயர் தெரிகிறது, இணைய மறுக்கிறது. திறந்து வேறு ஆன்டெனா மாட்டலாமா?

மொட்டைமாடி: வேண்டாம் தம்பி. லேப்டாப் ஆன்டெனாவின் ஒயர் கீல் வழியாகத் திரையைச் சுற்றிப் போகும், கனெக்டர் மிளகளவுதான். ஆன்டெனா கழற்றி மாட்டும் யுஎஸ்பி அடாப்டர் வாங்கி, 5 மீட்டர் யுஎஸ்பி ஒயரில் மாடிக்கு ஏற்றுங்கள். ஆன்டெனா ஒயரை நீட்டாதீர்கள். ஆர்ஜி-58 என்ற மெல்லிய ஆன்டெனா ஒயர் மீட்டருக்குச் சுமார் 1 டெசிபல் (சிக்னல் இழப்பின் அளவு) தின்னும், 3 மீட்டரில் பாதி சக்தி போச்சு. அப்புறம் அடாப்டரில் மாட்டத் தகர டப்பா ஆன்டெனா: விட்டம் 8 முதல் 9 செ.மீ., உள்ளே 31 மி.மீ. செம்புக் கம்பி. சிப்ஸ் டப்பாவுக்குப் பேர் பெரிசு, ஆனால் விட்டம் போதாது.

தோப்புக்காரன்: சரி அண்ணே, தோப்பு?

மொட்டைமாடி: அதுதான் உண்மையான தலைவலி. ஈர ஓலை 2.4 ஜிகாஹெர்ட்ஸ் வைஃபை அலையை விழுங்கிவிடும். பாதி வழியில், இரு ஆன்டெனாக்களுக்கு இடையிலான நேர்கோட்டைச் சுற்றி 3.5 மீட்டர் காலியாக இருக்க வேண்டும். மரத்தோடு மல்லுக்கட்டாமல், பக்கவாட்டில் உயரமான வீட்டில் ஓபன்டபிள்யூஆர்டி (ரூட்டருக்கான இலவச மென்பொருள்) போட்ட ரூட்டரை வைத்துச் சுற்றிப் போங்கள். 2004-ல் ஸ்பெயினின் கட்டலோனியாவில் தொடங்கிய குய்ஃபி.நெட் என்ற மக்கள் வலை இப்படி வீடு வீடாகத்தான் வளர்ந்தது.

கம்பிக்காரர்: இந்தியாவில் இந்த அலைவரிசைக்கு உரிமம் வேண்டாம். ஆனால் அனுப்பும் சக்தி, ஆன்டெனா பெருக்கத்தையும் சேர்த்து, 4 வாட்டைத் தாண்டக் கூடாது.