மறு: கொலம்பைன் பூவின் ‘ஸ்பர்’, தமிழில் என்ன?

வணக்கம். கொலம்பைன் என்ற தோட்டப்பூவின் இதழ் பின்னால் வால்போல நீண்டிருக்கும் பகுதியை ஆங்கிலத்தில் ‘ஸ்பர்’ என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச்சொல் தேடும் இந்த இழையில் ஒருவர் சொன்னது:

> சேவல் காலில் இருப்பதும் ஸ்பர்தானே? ‘குதிமுள்’ என்றே வைத்துவிடலாம்.

ஐயா, எனக்கு மனம் ஒப்பவில்லை. கொடைக்கானலில் எங்கள் வீட்டுக் கொல்லையில் கொலம்பைன் இப்போதுதான் முதன்முதலாகப் பூத்திருக்கிறது. ஒன்றைப் பறித்துக் கையில் வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். அல்லிதழ் (பூவின் உள்ளடுக்கு இதழ்) ஐந்து. ஒவ்வொன்றும் பின்பக்கமாகக் குழாய்போல நீண்டு, நுனியில் கொக்கியாக வளைகிறது. தேன் இருப்பது அந்த நுனியில். முள் என்று சொல்லக் குத்துகிற சமாச்சாரமே அதில் இல்லை, கிள்ளினால் நசுங்கிவிடும்.

(இந்த ஒரு பூவுக்கு இரண்டு வருடம். முதல் தடவை விதைமேல் மண்ணை மூடிவிட்டேன், ஒன்றுகூட முளைக்கவில்லை. வெளிச்சம் பட வேண்டிய விதையாம். அடுத்த தடவை ஈரமணலில் கலந்து நான்கு வாரம் ஃப்ரிட்ஜில் வைத்து, மண்மேல் தூவியதோடு சரி. முளைத்தது. ஐப்பசி மழையில் தண்ணீர் தேங்கிய பாத்தியில் எல்லாம் வேரழுகிப் போயின. சரிவில் நட்டவை தப்பின.)

‘தேன்குழல்’ என்று ஓர் அம்மா எழுதியிருந்தார். பொருள் சரி. ஆனால் தீபாவளிக்குப் பிழிகிற பலகாரமல்லவா முதலில் நினைவுக்கு வருகிறது! அதைவிடப் பெரிய சிக்கல், சில ஆர்கிட்களில் ஸ்பர் உண்டு, உள்ளே தேன் கிடையாது. பூச்சியை ஏய்க்கிற வேலை. பெயரிலேயே தேனை வைத்தால் அங்கே மாட்டிக்கொள்வோம்.

என் பரிந்துரை: இதழ்வால். காசித்தும்பைப் பூவைத் திருப்பிப் பாருங்கள், பின்னால் ஒரு வால். அது புல்லிதழின் (வெளியடுக்கு இதழின்) நீட்சி. கொலம்பைனில் அல்லிதழின் நீட்சி. ‘இதழ்’ இரண்டுக்கும் பொது. சொல்லும் நன்றாக வளைந்து கொடுக்கிறது: நீள உறிஞ்சுகுழல் கொண்ட அந்துப்பூச்சி வருகிற இனங்களுக்கு நெடுவால், தேனீ வருபவற்றுக்குக் குறுவால். வாலே இல்லாத கொலம்பைனும் உண்டு, அது ‘இதழ்வாலிலி’.

செடியின் பெயரைப் ‘புறாப்பூ’ ஆக்க வேண்டாம் என்பேன். இலத்தீனில் கொலம்பா என்றால் புறா. பூவில் ஐந்து புறாக்கள் தலைசேர்த்து நிற்பதாகப் பார்த்திருக்கிறார்கள். அக்விலேஜியா என்ற அறிவியல் பெயருக்கோ கழுகின் நகத்தைக் காரணம் காட்டுகிறார்கள். அதே வால்தான், ஒருவருக்குப் புறா, இன்னொருவருக்குக் கழுகு. நமக்கு எதற்கு வம்பு? கொலம்பைன் என்றே இருக்கட்டும்.

ஒன்று மிச்சம். பேரி மரத்தில் காய் பிடிக்கிற குட்டைக் கிளையையும் ஸ்பர் என்கிறார்கள். அங்கே இதழ்வால் செல்லாது. அதற்குத் தனி இழை தொடங்குகிறேன்.