கூட்டிய வலு தரையில் இறங்கவில்லை: டர்போ செடான் அனுபவங்கள்

முதல் பகிர்வு

என்னிடம் இருப்பது 3.0 லிட்டர், ஆறு சிலிண்டர் டர்போ பெட்ரோல் எஞ்சினும் பின்சக்கர இயக்கமும் கொண்ட நான்கு கதவு செடான். தொழிற்சாலையிலிருந்து வந்தபோது அதன் முறுக்குவிசை 400 நியூட்டன் மீட்டர். வாங்கிய ஆறாவது மாதத்திலேயே ரீமேப் செய்து, அதாவது எஞ்சின் கணினியின் நிரலை மாற்றி, அதை 550 ஆக உயர்த்தினேன். டர்போ எஞ்சினில் இவ்வளவு பெரிய மாற்றம் ஒரு ஸ்பேனரைக்கூடத் தொடாமல் நடந்துவிடுகிறது. சிலிண்டருக்குள் எவ்வளவு காற்று நுழைய வேண்டும் என்பதை டர்போ உண்டாக்கும் பூஸ்ட் அழுத்தம் தீர்மானிக்கிறது, அந்த அழுத்தத்தை எஞ்சின் கணினி கட்டுப்படுத்துகிறது. எனவே கணினியிலுள்ள அட்டவணைகளைத் திருத்தினாலே போதும். வலுவை அளக்கும் டைனோ கருவி வரைந்து காட்டிய வளைகோட்டைப் பார்த்துச் சில நாட்கள் மிதப்பிலேயே இருந்தேன்.

பந்தயப் பாதைக்கு எடுத்துச் சென்ற நாளில் அந்த மிதப்பு இறங்கியது. இரண்டாம் கியரில் ஆக்சிலரேட்டரை முழுமையாக மிதித்தவுடன் டிராக்‌ஷன் கண்ட்ரோல் (சக்கரம் வழுக்கும்போது எஞ்சின் வலுவைக் குறைக்கும் அமைப்பு) விளக்கு விட்டுவிட்டு எரிந்தது. வண்டி பழைய வேகத்தில்தான் முன்னேறியது. நான் செலவழித்துச் சேர்த்த வலுவை இன்னொரு கணினி அதே நொடியில் பிடுங்கிக்கொண்டிருந்தது. அதை அணைத்துவிட்டு ஓட்டியபோது புகையும் ஓசையும் கூடின, நேரம் மட்டும் குறையவில்லை.

அன்று இரவு உட்கார்ந்து போட்ட கணக்கை ரீமேப்புக்கு முன்பே போட்டிருக்க வேண்டும். என் வண்டியில் இரண்டாம் கியரின் விகிதம் 2.1, பின் அச்சின் விகிதம் 3.5; பெருக்கினால் 7.35. எஞ்சினின் 400 நியூட்டன் மீட்டர் பின் அச்சை அடையும்போது 2,940 ஆகிறது. டயரின் ஆரம் 0.32 மீட்டர் என்பதால் தரையைப் பின்னோக்கித் தள்ளும் விசை ஏறத்தாழ 9,200 நியூட்டன். வண்டியின் எடை 1,600 கிலோ. வேகமெடுக்கும்போது எடை பின்னால் சாய்வதால் அதில் சுமார் 60 விழுக்காடு, அதாவது 960 கிலோ, பின் டயர்களின்மேல் அமர்கிறது. உலர்ந்த தார்ச்சாலையில் நல்ல டயரின் உராய்வுக் கெழுவை 1 என்று கொண்டால், அந்த இரண்டு டயர்களும் சேர்ந்து தாங்கக்கூடியது 9,400 நியூட்டன். தயாரித்தவர்கள் இரண்டாம் கியரைப் பிடிப்பின் விளிம்புக்கு மிக அருகில்தான் நிறுத்தியிருக்கிறார்கள். நான் 550 ஆக்கியதும் விசை 12,600 ஐத் தாண்டியது. மிகுந்த மூவாயிரம் சொச்சம் டயரைத் தேய்க்க மட்டுமே பயன்பட்டது. மூன்றாம் கியரில் அதே 550 கொடுப்பது 8,400 நியூட்டன்தான் என்பதால், கூடுதல் வலுவின் உண்மையான பயன் அங்கிருந்துதான் தொடங்குகிறது. ஈரத்தரையில் கெழு வெகுவாகக் குறைந்துவிடும். அங்கே மூன்றாம் கியரும் நம்பத்தக்கதன்று.

இதற்குள் இன்னொரு தவறும் செய்திருந்தேன். தோற்றத்துக்காக வண்டியைத் தாழ்த்தியிருந்தேன் (இதை ஒப்புக்கொள்ளச் சற்று வெட்கமாகத்தான் இருக்கிறது). தாழ்த்தியதால் பின் சக்கரங்களின் கேம்பர் (செங்குத்திலிருந்து சக்கரம் சாயும் அளவு) எதிர்த்திசையில், அதாவது மேல்பகுதி உள்நோக்கி, இரண்டரை பாகை வரை சாய்ந்துவிட்டது. டயர் அகலமாக இருந்தும், நேர்கோட்டில் வேகமெடுக்கும்போது அதன் உள்விளிம்பே பெரும்பாலான வேலையைச் செய்தது. அலைன்மென்ட்டைச் சரிசெய்து, மென்மையான ரப்பர் கலவை கொண்ட கோடைக்கால டயர்களைப் போட்ட பிறகு கிடைத்த முன்னேற்றம், ரீமேப் கொடுத்ததைவிடப் பெரிது. அகலத்தைவிடக் கலவையே முக்கியம் என்பது என் கருத்து. அத்தகைய டயர்கள் 7 பாகை செல்சியஸுக்குக் கீழே இறுகிப் பிடிப்பை இழக்கும் என்பதால் குளிர்நாளில் அவற்றை நம்பக் கூடாது.

அடுத்தது டிஃபரன்ஷியல், அதாவது எஞ்சினின் வலுவை இரு பின் சக்கரங்களுக்கும் பகிரும் பற்சக்கரத் தொகுதி. என் வண்டியில் இருந்தது சாதாரணத் திறந்த வகை. அது இரு சக்கரங்களுக்கும் சம அளவு முறுக்குவிசையையே பகிர்வதால், பிடிப்புக் குறைந்த சக்கரம் எவ்வளவைத் தாங்குமோ அவ்வளவுதான் மற்றதற்கும் கிடைக்கும். வளைவிலிருந்து வெளியேறும்போது உள்பக்கச் சக்கரம் எடையிழந்து சும்மா சுழலும், வெளிப்பக்கச் சக்கரம் வேடிக்கை பார்க்கும். கிளட்ச் தகடுகள் கொண்ட எல்.எஸ்.டி. (ஒரு சக்கரம் மட்டும் தனியே சுழல்வதைக் கட்டுப்படுத்தும் டிஃபரன்ஷியல்) பொருத்திய பிறகு வளைவிலிருந்து வண்டி பாய்ந்து வெளியேறியது. ஆனால் அதன் குணத்தைப் புரிந்துகொள்ளாமல் யாரும் பொருத்த வேண்டாம். திறந்த வகையில் ஒரு சக்கரம் வழுக்கினாலும் மற்றது வண்டியின் பின்பகுதியைப் பக்கவாட்டில் பிடித்து வைத்திருக்கும், எல்.எஸ்.டி. இருக்கும்போது வழுக்கினால் இரண்டும் சேர்ந்தே வழுக்கும், பின்பகுதி முன்னறிவிப்பின்றி வெளியே வீசும். ஈரமான பாதையில் முதல் சுற்றிலேயே வண்டி ஒரு முழு வட்டமடித்து நின்றதைக் கொண்டு இதைக் கற்றேன். நல்லவேளையாக அந்த இடத்தில் தடுப்புச் சுவர் தொலைவில் இருந்தது.

இரண்டாம் பகிர்வு

என்னுடையது நான்கு சக்கர இயக்கமுள்ள 2.0 லிட்டர் டர்போ செடான். 1992இல் முதல் மிட்சுபிஷி லான்சர் எவல்யூஷன் உலக ராலிக்கான தகுதிக்காக வெளிவந்ததிலிருந்து இந்த வகைக்கென்றே ஒரு பக்தர் கூட்டம் உண்டு. நானும் அதில் ஒருவன். மேலே சொல்லப்பட்ட சுழற்சித் தொல்லை எனக்கு உலர்ந்த தரையில் வந்ததே இல்லை. அதனாலேயே எனக்கு வேறு தொல்லை வந்தது. பின்சக்கர இயக்கத்தில் டயர் வழுக்கும்போது அதிர்ச்சியின் ஒரு பங்கு புகையாகிப் போய்விடும். நான்கு டயர்களும் தரையைக் கவ்விக்கொண்டிருந்தால் அந்த அதிர்ச்சி முழுவதும் கிளட்ச்சிலும் கியர் பற்களிலும் இறங்கும். பூஸ்ட்டைக் கூட்டிய சில வாரங்களில், ஐந்தாம் கியரில் மிதித்தால் எஞ்சின் சுழற்சி ஏறியும் வேகம் ஏறாத நிலை வந்தது. அது கிளட்ச் நழுவுவதன் முதல் அறிகுறி. கனமான கிளட்ச் போட்டேன். பின்னர் மூன்றாம் கியர் முனகத் தொடங்கியது. நின்ற நிலையிலிருந்து உயர் சுழற்சியில் கிளட்ச்சைத் திடீரென விடும் பழக்கத்தை அன்றோடு கைவிட்டேன்.

இந்த வகை வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்று. முன் டயர்கள் இரண்டும் தேய்ந்ததும் அவற்றை மட்டும் மாற்றினேன். புதிய டயரில் 8 மில்லிமீட்டர் ஆழம், பழையதில் 3. ஆரத்தில் 5 மில்லிமீட்டர் வேறுபாடு, ஏறத்தாழ ஒன்றரை விழுக்காடு. நேராக ஓடும்போதுகூட முன் அச்சும் பின் அச்சும் வெவ்வேறு வேகத்தில் சுழன்றதால், நடுவிலிருந்த இணைப்பு ஓயாமல் உராய்ந்து சூடேறி, நெடுஞ்சாலையில் எச்சரிக்கை விளக்கை எரியவைத்தது. நான்கையும் ஒன்றாக மாற்றுவதே வழி.

மூன்றாம் பகிர்வு

முன்சக்கர இயக்கம் வைத்திருப்பவன் என்ற முறையில் சுருக்கமாகச் சொல்கிறேன். வேகமெடுக்கும்போது எடை பின்னால் போகிறது, இழுக்க வேண்டிய சக்கரங்களோ முன்னால் இருக்கின்றன; எனவே வலுவைக் கூட்டக் கூட்ட நிலைமை மோசமாகிறது. பற்சக்கர வகை எல்.எஸ்.டி. பொருத்திய பிறகு பிடிப்புக் கூடியது, ஆனால் முழு வலுவில் ஸ்டீயரிங் மேடுபள்ளங்களைத் தேடிக் கையை இழுக்கிறது. எஞ்சினைத் தாங்கும் மவுண்ட்டுகளை இறுக்கமான ரப்பருக்கு மாற்றியதும் சக்கரத் துள்ளல் நின்றது. அதற்கு விலையாக நிறுத்தத்தில் டாஷ்போர்டு முழுவதும் அதிர்கிறது. முதல் பகிர்வை எழுதியவர் இப்போது வலுவை என்ன செய்திருக்கிறார்? 550 இலேயே வைத்திருக்கிறாரா?

முதல் பகிர்வை எழுதியவரின் மறுமொழி

வைத்திருக்கிறேன், ஆனால் எல்லாக் கியரிலும் அன்று. கியருக்கேற்ற பூஸ்ட் வரம்பை டியூனரிடம் கேட்டு வாங்கினேன்: முதல் இரண்டு கியர்களில் தொழிற்சாலை அளவு, மூன்றாம் கியரிலிருந்து முழு அளவு. மிதிக்கும்போது முன்புபோல் மிரட்டவில்லை; ஆனால் அதே பாதையில் சுற்று நேரம் குறைந்தது, விளக்கும் அமைதியாக இருக்கிறது.

முழு வலு இப்போது உண்மையிலேயே பயன்படத் தொடங்கியதால் வெப்பம் முன்னால் வந்து நிற்கிறது. டேட்டா லாக்கைப் பார்த்தால், அடுத்தடுத்த நான்காவது ஓட்டத்தில் எஞ்சினுக்குள் நுழையும் காற்று 70 பாகையைத் தாண்டுகிறது. நாக்கிங்கை (சிலிண்டருக்குள் எரிபொருள் கட்டுப்பாடின்றித் தானாக வெடிப்பதை) தவிர்க்கக் கணினி தீப்பொறி நேரத்தைப் பின்தள்ளுகிறது, வலு தானாகவே இறங்குகிறது. ஆகவே அடுத்த வேலை, எஞ்சினுக்குள் போகும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரைப் பெரிதாக்குவது. அது வந்து சேரும்வரை பாதையில் மூன்று சுற்றுக்கு ஒரு சுற்று மெதுவாக ஓட்டிக் காற்றை ஆறவிடுகிறேன்.