தூரமாகத் தாண்டியவன் ஏன் ரெண்டாவது? (ஸ்கீ ஜம்பிங் சந்தேகம்)

தங்கச்சிமடம் பையன்:
நேற்று ராத்திரி டிவியில் ஸ்கீ ஜம்பிங் (காலில் நீளப் பலகை ரெண்டைக் கட்டிக்கொண்டு பனிச் சரிவில் வழுக்கி வந்து தாண்டுகிற போட்டி) ஓடியது. கிழிந்த வலையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த அப்பா ஊசியைக் கீழே வைத்துவிட்டுப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். ஒருத்தன் 130 மீட்டர் போனான், அடுத்தவன் 127தான், ஆனால் முதலிடம் 127க்கு. "என்னடா இது, கரையில நம்ம மீனை எடை போடுற தராசு மாதிரி இருக்கு" என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை. தாண்டுகிற போட்டியில் தூரம்தானே கணக்கு? அப்புறம், அவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தும் எப்படிக் கால் முறியாமல் இருக்கிறார்கள்? ஒலிம்பிக்கில் இது எப்போதிலிருந்து இருக்கிறது?

மண்டபம் வாத்தியார்:
தம்பி, தூரத்துக்கு ஒரு மார்க், ஸ்டைலுக்கு ஒரு மார்க். பெரிய குன்றில் (தாண்டுவதற்கென்றே கட்டிய சரிவைத்தான் குன்று என்கிறேன்) மீட்டருக்கு 1.8, அப்படியென்றால் 3 மீட்டர் கூடுதலுக்கு 5.4 கிடைக்கும். ஸ்டைலுக்கு ஐந்து நடுவர்கள், ஆளுக்கு 20, அதில் அதிகமானதையும் குறைவானதையும் தள்ளிவிட்டு நடுவில் இருக்கும் மூன்றை மட்டும் கூட்டுவார்கள். இறங்கும்போது ஒரு கால் முன்னே ஒரு கால் பின்னே வைத்து முட்டி மடங்க வேண்டும், அதற்கு டெலிமார்க் என்று பெயர் (நார்வேயில் ஒரு பகுதியின் பெயர்தான்). உங்கள் 130 மீட்டர்காரன் ரெண்டு காலையும் சேர்த்து வைத்து இறங்கியிருப்பான். ஆளுக்கு 2 வெட்டினாலே மூன்று பேரிடம் 6 போச்சு. தூரத்தில் சம்பாதித்ததைவிட அதிகம் போய்விட்டதா?

கால் முறியாததற்குக் காரணம், அவர்கள் உண்மையில் அவ்வளவு உயரத்தில் இல்லை. சரிவு அவர்கள் பறக்கிற பாதையை ஒட்டியே இறங்குகிறது, தரைக்கும் காலுக்கும் நடுவே சில மீட்டர்தான். டிவியில் கேமரா வைக்கிற இடம் நம்மைப் பயமுறுத்துகிறது.

ஒலிம்பிக்கில் 1924லிருந்தே இருக்கிறது, பிரான்சில் ஷாமொனியில் நடந்த முதல் குளிர்கால ஒலிம்பிக். தராசு என்றாரே உங்கள் அப்பா, அந்த முதல் போட்டியிலேயே மார்க்கைத் தப்பாகக் கூட்டிவிட்டார்கள். வெண்கலம் நார்வேயின் துர்லைஃப் ஹவுக் என்பவருக்குப் போனது. ஐம்பது வருடம் கழித்துத் திரும்பக் கூட்டிப் பார்த்தால் அது அமெரிக்காவுக்காகத் தாண்டிய ஆண்டர்ஸ் ஹவுகனுக்குச் சேர வேண்டியது! ஹவுக் அப்போது உயிரோடு இல்லை. 1974ல் அவருடைய மகள், எண்பது வயதைத் தாண்டிவிட்ட ஹவுகன் கையில் அந்தப் பதக்கத்தைக் கொடுத்தார்.

பாம்பன் வல்லம்:
வாத்தியார் காற்றை விட்டுவிட்டாரே. இப்போதெல்லாம் காற்றுக்கும் மார்க் உண்டு. எதிர்க்காற்று அடித்தால் கழிப்பார்கள், பின்காற்று அடித்தால் கூட்டுவார்கள். முதலில் எனக்கு இது தலைகீழாகத் தெரிந்தது, பின்னாலிருந்து தள்ளுகிற காற்றுதானே உதவி என்று. அப்புறம் அரிச்சல்முனையில் நின்று பாருங்கள், கடல்காக்கை காற்றைப் பார்த்துத்தான் கிளம்பும், இறக்கையை அசைக்காமலே மேலே போகும். இவர்களுக்கும் அதே கணக்கு, 90 கிலோமீட்டர் வேகத்தில் வரும்போது எதிரே வருகிற காற்று பலகைக்கு அடியில் புகுந்து தூக்கிவிடும்.

முன்பு பலகை ரெண்டையும் இணையாகத்தான் வைப்பார்கள். 80களில் யான் போக்லோவ் என்ற ஸ்வீடன்காரர் முனைகளை விரித்து ஆங்கில V மாதிரி பிடித்தார், காற்று நன்றாகத் தூக்கியது. நடுவர்களுக்கு அது அசிங்கமாகப் பட்டு ஸ்டைல் மார்க்கை வெட்டிக்கொண்டே இருந்தார்கள், மனுஷன் விடாமல் தூரத்தாலேயே அடித்து 1988-89 உலகக் கோப்பையை எடுத்துவிட்டார். 1992ல் டோனி நீமினென் என்ற 16 வயதுப் பின்லாந்துப் பையன் அதே V பிடித்து ஒலிம்பிக் தங்கம் வாங்கினான். இன்றைக்கு இணையாகப் பிடிக்கிற ஒருத்தரைக் காட்டுங்கள் பார்ப்போம்.

சின்னப்பாலம் அக்கா:
ஆண்கள் கதையாகவே போகிறதே. பெண்களுக்கு ஒலிம்பிக்கில் இடம் கிடைத்தது 2014ல், தொண்ணூறு வருடம் கழித்து! பெண் உடம்புக்கு மருத்துவரீதியாக இது ஒத்துவராது என்று 2005ல் சொன்னவர் சர்வதேச ஸ்கீ சம்மேளனத்தின் தலைவரேதான். எங்கள் அம்மா விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு பாறைக்கு முங்கிப் பாசி எடுக்கிறவர், அவரிடம் இதைப் படித்துக் காட்டினேன், பதிலை இங்கே எழுத முடியாது.

2010 வான்கூவர் ஒலிம்பிக்குக்காகக் கட்டிய சிறிய குன்றில் ஆண் பெண் யாரும் தாண்டாத தூரத்தைத் தாண்டி வைத்திருந்தவர் லிண்ட்சி வேன் என்ற பெண். அந்த ஒலிம்பிக்கில் பெண்களுக்குப் போட்டியே இல்லை. வழக்குப் போட்டார்கள். பாகுபாடுதான் என்று நீதிபதி ஒப்புக்கொண்டார், ஆனால் ஒலிம்பிக் கமிட்டியைக் கனடா சட்டம் கட்டுப்படுத்தாது என்று கேஸ் தோற்றது. நாலு வருடம் கழித்து சோச்சியில் முதல் தங்கம் ஜெர்மனியின் கரீனா ஃபோக்ட்டுக்கு.

தங்கச்சிமடம் பையன்:
எல்லாவற்றையும் அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். "அப்ப பெரிய சட்டை போட்டா காத்து இன்னும் தூக்குமே, பாய் மாதிரி" என்கிறார். அப்படி யாராவது செய்திருக்கிறார்களா?

பாம்பன் வல்லம்:
உங்கள் அப்பாவைப் போட்டிக்கு அனுப்பலாம். அதனால்தான் உடையை உடம்போடு அளந்து பார்க்கிறார்கள். 2022 பெய்ஜிங்கில் கலப்பு அணிப் போட்டியில் மட்டும் உடை சரியில்லை என்று ஐந்து பெண்களை வெளியேற்றினார்கள். 2025ல் ட்ரொண்ட்ஹைம் உலகப் போட்டியில் நார்வே அணியே மாட்டியது, அதுவும் சொந்த ஊரில். விதிக்கு விரோதமாக விறைப்பான நூல் ஒன்றை உடைக்குள் தைத்து வைத்திருந்தார்கள்.

தங்கச்சிமடம் பையன்:
நூல் என்றதும் அப்பா, "எத்தனாம் நம்பர் நூலாம், கேளு" என்றார். ஊசியை மறுபடியும் கையில் எடுத்துவிட்டார்.